அசோகா படமும் ஒன்றரை லட்சம் பேரும்

2001ல வந்த 'அசோகா' இந்திப் படத்தை நம்மில் பலர் ஷாருக் கானுக்காகப் பார்த்திருப்போம். அண்ணன் சுசீமனாக அஜித் வேற. சந்தோஷ் சிவன் எடுத்த அந்தப் படத்தில் காதல், அரண்மனைச் சதி, பழி எல்லாம் முடிந்து கலிங்கப் போர் வரும், அப்புறம் புத்தம். கரீனா நடித்த கௌர்வகியின் கதை பெரும்பாலும் கற்பனைதான். காருவாகி என்ற ராணியின் பெயர் அலகாபாத் தூணில் இருக்கு, அவ்வளவுதான்.

ஆனால் அசோகனின் 13ஆம் பாறைக் கல்வெட்டு கற்பனை இல்லை. கலிங்கத்தில் கொல்லப்பட்டவர் 1,00,000 பேர், பிடித்து வெளியேற்றப்பட்டவர் 1,50,000 பேர் என்று அவனே கணக்குச் சொல்கிறான். இரண்டுக்கும் சேர்த்தே வருந்துகிறான். தான் தப்பினாலும் சொந்தக்காரர் படும் பாட்டைப் பார்ப்பவருக்கும் அது வேதனை என்கிறான். தர்மம் எட்டிய இடங்களில் தாம்பபர்ணியையும், அதாவது நம்ம இலங்கையையும், சேர்க்கிறான்.

அசோகன் மகன் மகிந்தன் கொண்டு வந்ததாக மகாவம்சம் சொல்லும் அதே புத்தத்தைப் போற்றும் நாட்டில், 1964 அக்டோபர் 30ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே. மிச்சம் 1,50,000 பேரை 'பிறகு பார்ப்போம்' என்று விட்டார்கள். 1974ல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தோட்டத்துச் சனங்களை யாரும் கேட்கவில்லை. ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, குடும்பங்கள் இரண்டாகப் போயின.

கலிங்கத்து தௌலியில் அசோகன் அந்த 13ஆம் கல்வெட்டை வைக்கவில்லை. அவன் வருத்தத்தை மற்ற ஊர்க்காரர்கள்தான் படித்தார்கள். நம் கணக்கை எழுதி வைக்க இங்கே இன்னும் ஒரு பாறையும் இல்லை.