ஆளில்லாத இடத்தின் அழைப்பு: வியன்னாத் திரைப்படங்களும் பயண ஏக்கமும்

ஒரு திரைப்படம் பார்த்து முடித்ததும் அதில் கண்ட நகருக்குப் போக வேண்டும் என்ற ஏக்கம் ஏன் பிறக்கிறது? சுற்றுலாவியல் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. பயணி காணப்போகும் காட்சி அவன் புறப்படும் முன்பே படிமங்களால் உருவாக்கப்பட்டுவிடுகிறது என்று ஜான் அர்ரி 1990-இல் எழுதினார். ரோஜர் ரைலியும் கார்ல்டன் வான் டோரனும் 1992-இல் திரைப்படத்தைச் சுற்றுலாவின் ஈர்ப்பு விசையாகக் கொண்டு ஆராய்ந்தார்கள். சூ பீட்டன் 2005-இல் இத்துறைக்கென்றே ஒரு நூல் எழுதினார். இந்த ஆய்வுகளுக்கு நான் கடன்பட்டவன். ஆனால் இவற்றின் வழியாகப் பரவி, நகராட்சிகளும் சுற்றுலா வாரியங்களும் இன்று ஐயமின்றி நம்பும் ஒரு கருத்தை ஏற்க முடியவில்லை. திரைப்படம் நகரின் அழகைக் காட்டுகிறது, அழகைக் கண்டவர் ஏங்குகிறார், ஏங்கியவர் பயணச்சீட்டு வாங்குகிறார் என்பதே அக்கருத்து. வியன்னா இதைப் பொய்யாக்குகிறது.

1949-இல் வெளிவந்த ‘தி தேர்ட் மேன்’ படத்தை எடுத்துக்கொள்வோம். கிரகாம் கிரீன் எழுத, கரோல் ரீட் இயக்கினார். அதில் வரும் வியன்னா குண்டுவீச்சில் இடிந்த நகரம். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் என நான்கு வல்லரசுகள் 1945 முதல் 1955 வரை அதைப் பங்கிட்டு ஆண்டன. உள்நகரை மட்டும் நால்வரும் கூட்டாக நிர்வகித்தார்கள். வியன்னாவில் படம் எடுக்கப்பட்டது 1948-இன் இலையுதிர் காலத்தில். செங்கற்குவியல்கள், பாதி நிற்கும் சுவர்கள், கலப்பட பெனிசிலின் விற்பவர்கள், பாதாளச் சாக்கடை: திரையில் தெரியும் நகரம் இவ்வளவுதான். ராபர்ட் கிராஸ்கரின் கேமரா சாய்ந்தே நிற்கிறது. கல் பாவிய தெருக்களை நனைத்துவிட்டு இரவில் படம் பிடித்தார்கள். எந்தச் சுற்றுலா வாரியமும் விரும்பி வெளியிடக்கூடிய படங்கள் அல்ல இவை.

ஆனாலும் அந்தப் படத்துக்காக மக்கள் இன்றும் வியன்னாவுக்குப் போகிறார்கள். புர்க் கீனோ என்ற திரையரங்கு அதைத் தொடர்ந்து திரையிட்டு வருகிறது. அதற்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சாக்கடைக்குள் அழைத்துச் செல்லும் வழிகாட்டிப் பயணமும் உண்டு. கலப்பட பெனிசிலின் விற்கும் ஹாரி லைமாக நடித்த ஆர்சன் வெல்ஸின் முகம் முதன்முதலாக வெளிச்சத்தில் தெரியும் அந்த வாசல் ஷ்ரைஃபோகல் சந்தில், எட்டாம் எண் வீட்டில் இருக்கிறது. வியன்னாவில் ஆயிரக்கணக்கில் இருக்கும் வாசல்களில் அதுவும் ஒன்று. கட்டடக் கலைக்காக யாரும் அதைத் தேடிப் போவதில்லை. அழகுதான் காரணம் என்றால், அரண்மனைகளை விட்டுவிட்டு மனிதர்கள் ஒரு வாசற்படியின் முன் வந்து நிற்பது ஏன்?

விடையை நோக்கிச் செல்ல நம்மிடமே ஒரு கருவி இருக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. நிலம் தனித்து நின்று உணர்வைத் தாங்குவதில்லை. குறிஞ்சிக்கு மலை மட்டும் போதாது, கூதிரும் யாமமும் வேண்டும். அவற்றில் ஊன்றித்தான் பாடலின் உணர்வான உரிப்பொருள் எழுகிறது. சங்க அகப்பாடலுக்கு வகுத்த இலக்கணத்தை ஐரோப்பியத் திரைப்படத்தின் மேல் ஏற்றலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இடமும் உணர்வும் ஒன்றையொன்று எப்படிப் பற்றிக்கொள்கின்றன என்பதை இவ்வளவு நுட்பமாகப் பகுத்த வேறொரு கோட்பாட்டை நான் அறியேன். அதனால் தயக்கமின்றிப் பயன்படுத்துகிறேன். சுற்றுலாத் துறை நிலத்தை மட்டுமே விற்கிறது. திரைப்படம் நிலத்தோடு ஒரு பொழுதைப் பிணைத்துவிடுகிறது. பார்வையாளர் ஏங்குவது அந்தப் பொழுதுக்காக.

பிராட்டர் பூங்காவின் ராட்டினம் இதற்கு மிகச் சிறந்த சான்று. 1897-இல் கட்டப்பட்டது. உயரம் ஏறத்தாழ 65 மீட்டர். 1944-இல் எரிந்துபோனது. போருக்குப்பின் மீண்டும் எழுப்பியபோது முப்பது பெட்டிகளில் பதினைந்தை மட்டுமே மாட்டினார்கள். ரீட் படம்பிடித்தது அண்மையில் மீண்டெழுந்த அந்தச் சக்கரத்தைத்தான். அதன் பெட்டிக்குள் நின்றபடி ஹாரி லைம், கீழே புள்ளிகளாகத் தெரியும் மனிதர்களின் உயிருக்கு விலை பேசுகிறான். 1995-இல் வந்த ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் ‘பிஃபோர் சன்ரைஸ்’ படத்தில் ஜெஸ்ஸியும் செலீனும் அதே சக்கரத்தில், பொழுது சாயும் நேரத்தில், முதல் முத்தம் இடுகிறார்கள். நிலம் ஒன்றே. பொழுது மாறியது, உரிப்பொருள் தலைகீழானது. ராட்டினத்தில் ஏறுகிறவர்கள் ‘ராட்டினத்தை’ நாடி வருகிறார்கள் என்று எழுதும் ஆய்வாளர், ஒரே வரிசையில் நிற்கும் இருவேறு ஏக்கங்களை ஒன்றாக எண்ணிவிடுகிறார்.

லிங்க்லேட்டரின் படத்தில் இன்னும் சற்று நிற்க வேண்டும். ஈத்தன் ஹாக் நடித்த அமெரிக்க இளைஞனும் ஜூலி டெல்பி நடித்த பிரெஞ்சுப் பெண்ணும் புடாபெஸ்டிலிருந்து வரும் ரயிலில் சந்திக்கிறார்கள். மறுநாள் காலை அவனுக்கு விமானம். விடுதிக்குப் பணமில்லை. ஆகவே இரவெல்லாம் நடக்கிறார்கள். இப்படத்தின் கரு வியன்னாவில் தோன்றியதே அல்ல. 1989-இல் பிலடெல்பியா நகரில் ஒரு பெண்ணோடு விடியும்வரை பேசிக்கொண்டே நடந்த இரவிலிருந்து பிறந்தது என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார். முதலில் இருந்தது பொழுது. நகரம் பின்னால் தேர்ந்தெடுக்கப்பட்டது. அப்படியிருந்தும் ரசிகர்கள் தேடிப் போவது பிலடெல்பியாவுக்கு அல்ல, வியன்னாவுக்கு. பொழுது தங்குவதற்கு ஒரு நிலம் வேண்டும் என்பதை இது காட்டுகிறது. அந்த நிலம் முன்பே புகழ்பெற்றதாக இருக்க வேண்டியதில்லை. சோல்லாம்ட்ஸ்டேக் என்ற நடைபாலம், ஒரு பழைய இசைத்தட்டுக் கடை, பிரான்சிஸ்கன் சதுக்கத்தின் சிறிய காபிக் கடை ஆகியவையே அவர்களுக்குப் போதுமாக இருந்தன.

படத்தின் முடிவுதான் என் வாதத்தின் மையம். இருவரும் ரயில் நிலையத்தில் பிரிகிறார்கள். பிறகு கேமரா, இரவு முழுவதும் அவர்கள் நின்ற, அமர்ந்த, நடந்த இடங்களுக்கு ஒவ்வொன்றாகத் திரும்பிப் போகிறது. காலை வெளிச்சத்தில் எல்லாம் வெறிச்சோடிக் கிடக்கின்றன. பூங்காப் புல்லில் மதுப் புட்டி கிடக்கிறது. கதைக்கு இந்தக் காட்சிகள் தேவையில்லை, கதை முடிந்துவிட்டது. ஆனால் பயண ஏக்கம் பிறப்பது இங்கேதான். அதுவரை அந்த இடங்கள் அவ்விருவருக்கு உரியவை. இப்போது அவர்கள் போய்விட்டார்கள், இடம் இருக்கிறது, யாரும் இல்லை. பார்வையாளருக்கு அங்கே ஓர் இருப்பு ஒதுக்கப்பட்டுவிட்டது. ‘தி தேர்ட் மேன்’ முடிவும் இவ்வாறே. மத்தியக் கல்லறைத் தோட்டத்தின் நீண்ட பாதையில் ஹாரி லைமின் காதலி அன்னா, காத்து நிற்கும் அவன் நண்பன் மார்ட்டின்ஸை ஏறிட்டும் பாராமல் கடந்து சட்டகத்தை விட்டு வெளியேறுகிறாள். இருவரும் இணைவதாக முடிக்கவே கிரீன் விரும்பினார். ரீட் மறுத்தார். அவர் செய்தது சரி என்று கிரீன் பின்னாளில் ஒப்புக்கொண்டார். இணைந்திருந்தால் அந்தப் பாதை அவர்களுடையதாகவே முடிந்திருக்கும். இணையாததால் அது திறந்தே கிடக்கிறது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று படத்தொகுப்பு. திணை மயங்கலாம், நிலம் மயங்காது என்பது தொல்காப்பிய நெறி. சினிமா அதை மீறுகிறது. மாஸ்கோத் தெருக்களோடு வாஷிங்டனின் வெள்ளை மாளிகையை ஒட்டி ஒரே இடம்போலக் காட்ட முடியும் என்று 1920-களிலேயே லெவ் குலெஷோவ் செய்து காட்டினார். ‘பிஃபோர் சன்ரைஸ்’ படத்தில் வரும் பெயரற்றோர் கல்லறை, டான்யூப் கரையொதுக்கிய உடல்களைப் புதைத்த இடம். அது நகரின் எல்லையில், ஆல்பர்ன் துறைமுகத்தருகே இருக்கிறது. படத்தில் அதற்கும் பிராட்டருக்கும் இடையே தொலைவே இல்லை. நேரில் போகிறவர் பேருந்து பிடித்து நெடுந்தூரம் போக வேண்டும். திரையில் கண்ட வியன்னா எந்த வரைபடத்திலும் இல்லை. ஆகவே பயணி தானே நடந்து அதைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதை ஏமாற்றம் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது அந்தப் பயணத்தின் உழைப்பாகவே தெரிகிறது.

மறுப்பு ஒன்று உண்டு. 1953-இல் வில்லியம் வைலர் எடுத்த ‘ரோமன் ஹாலிடே’ ரோமின் புகழ்பெற்ற இடங்களையெல்லாம் வரிசையாகக் காட்டும் படம். 1965-இன் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ சால்ஸ்பர்க்கின் மலைகளையும் மாளிகைகளையும் கண்ணுக்கு விருந்தாக்கியது. இங்கே அழகுதானே இழுக்கிறது? ஓரளவு உண்மை. ஆனால் ரோமில் சாந்தா மரியா இன் காஸ்மெதின் தேவாலய முகப்பில் வரிசையில் நிற்பவர்கள், ‘உண்மையின் வாய்’ எனும் கல்முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. கிரிகரி பெக் செய்ததைப்போல அதன் வாய்க்குள் கையை விடுகிறார்கள். அந்தக் கணத்துக்குள் நுழையவே வந்திருக்கிறார்கள். சால்ஸ்பர்க் தரும் பாடம் வேறு. படத்தில் வரும் கண்ணாடி மண்டபத்தை ஹெல்புருன் மாளிகைத் தோட்டத்துக்கு மாற்றி வைத்துப் பூட்டிவிட்டார்கள். வருகிறவர்கள் வெளியே நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். நடனக் காட்சியோ ஹாலிவுட் அரங்கில் அமைத்த பெரிய மண்டபத்தில் எடுக்கப்பட்டது. நிலம் பாதுகாக்கப்பட்டது, நுழைய வழியில்லை.

ஏக்கம் பெருகும்போது அது தேடி வந்ததையே அழித்துவிடக்கூடும் என்பதற்கு அன்டன் காரஸின் வாழ்க்கை சாட்சி. வியன்னாவின் மதுச்சாலைகளில் சித்தர் என்ற நரம்பிசைக் கருவியை வாசித்துப் பிழைத்தவர். ‘தி தேர்ட் மேன்’ இசை அவரை உலகப் புகழுக்கு உயர்த்தியது. அப்பணத்தில் படத்தின் பெயரிலேயே சொந்த மதுச்சாலை திறந்தார். அயலூர்ப் பயணிகள் திரண்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு வாசிக்கவே விரும்பிய அவர், 1966-இல் ஒதுங்கிக்கொண்டார். ரீட் கேட்டு மயங்கியது ஊர்க்காரர்களுக்காக வாசித்த இசையை. ஊர்க்காரர்கள் இல்லாத மதுச்சாலையில் அது எப்படி நிலைக்கும்?

ஆகவே கள ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வினாநிரல்களில் ‘எந்த இடத்தைக் காண வந்தீர்கள்’ என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். எந்த நேரத்தில் அங்கே நிற்க விரும்பினீர்கள், தனியாகவா யாருடனா, அங்கு என்ன செய்தீர்கள் என்றும் கேளுங்கள். நகர நிர்வாகங்கள் ஒவ்வொரு வாசலிலும் பெயர்ப்பலகை மாட்டி, சுற்றிக் கயிறு கட்டும் முன் இந்த விடைகளைப் படிக்கட்டும். தமிழ்த் திரைப்பட ஆய்வாளர்களிடம் கூடுதலாக ஒன்று கேட்கிறேன்: முதற்பொருளையும் உரிப்பொருளையும் வகுப்பறைப் பாடமாக மட்டும் வைத்திருக்காமல், மதுரையையும் சென்னையையும் காட்டிய நம் படங்களின்மேல் வைத்துச் சோதித்துப் பாருங்கள்.