மலைச் சைக்கிள் பிறந்த கதை



"வேலை வெட்டி இல்லாதவன் செய்யிற வேலை." சைக்கிளில் மலையேறப் போகிற நம் பிள்ளைகளைப் பற்றிக் குடும்பக் குழுவில் வந்த ஒரு வரி இது. எழுதியவர் எனக்கு மைத்துனர் முறை, கோபித்துக்கொள்ள மாட்டார். நம் தலைமுறைக்கு சைக்கிள் என்றால் பிழைப்பு. பால் கேன், தண்ணீர்க் குடம், வாழைத்தார், பின்னால் மனைவி, முன் பாரில் பிள்ளை. பொழுதுபோக்குக்காக ஒருவன் வியர்க்க வியர்க்க மிதிப்பான் என்பதை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் மரின் என்ற மாவட்டம் வரும். அங்கே 2,500 அடிக்கு மேல் உயரமுள்ள ஒரு மலை, பெயர் தமால்பாய்ஸ். (உடனே "இது தமிழ்ப் பெயர்" என்று யாரும் பார்வேர்டு செய்ய வேண்டாம். அந்த மண்ணின் பூர்வகுடிகளான கோஸ்ட் மிவோக் மக்களின் சொல் அது.) மலையைச் சுற்றிலும் காட்டுத்தீ வந்தால் வண்டி போவதற்காக வெட்டிய மண்பாதைகள் உண்டு. 1970-களில் அந்தப் பாதைகளில் சில இளைஞர்கள் சைக்கிளில் பாய்ந்து இறங்க ஆரம்பித்தார்கள்.

அவர்களில் பலர் வெலோ கிளப் தமால்பாய்ஸ் என்ற சங்கத்தில் இருந்த சாலைப் பந்தய வீரர்கள். கேரி ஃபிஷர் என்பவரைத் தலைமுடி நீளமாக இருக்கிறது என்று சொல்லியே 1968-ல் பந்தயங்களிலிருந்து தள்ளி வைத்திருந்தார்கள். சார்லி கெல்லி ஒரு இசைக்குழுவுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். ஜோ பிரீஸ் சைக்கிள் சட்டம் கட்டத் தெரிந்தவர். இவர்களில் யாரும் பெரிய கம்பெனி பொறியாளர் அல்ல.

பந்தய சைக்கிளின் மெல்லிய டயர் மலைப்பாதைக் கல்லுக்குத் தாங்காது. அதனால் பழைய சாமான் கடைகளில் தேடினார்கள். 1933-ல் ஷ்வின் கம்பெனி அமெரிக்காவில் ஒரு தடித்த டயரை அறிமுகம் செய்திருந்தது. அகலம் இரண்டு அங்குலத்துக்கு மேல். பேப்பர் போடும் பையன்கள் ஓட்டிய வண்டிகளில் அந்த டயர்தான் இருக்கும். நம் ஊர் கறுப்பு சைக்கிள் போலவே கனமான, அடித்தாலும் உடையாத வண்டி. நாற்பது வருடம் கழித்து யாருக்கும் வேண்டாமல் கிடந்த அந்த வண்டிகளைச் சொற்ப விலைக்கு வாங்கி, மட்கார்டு, கேரியர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு மலைக்குத் தூக்கிப் போனார்கள். "கிளங்கர்" என்று அந்த வண்டிகளுக்குப் பெயர். ஓட்டை உடைசல் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த வண்டிகளுக்குக் கையில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின் சக்கரத்து ஹப்புக்குள் இருக்கும் பிரேக் பிடிக்கும். ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்கு அருகே ஒரு செங்குத்தான இறக்கம் இருந்தது. நீளம் சுமார் 3 கிலோமீட்டர், இறங்கும் உயரம் சுமார் 400 மீட்டர். அடிவாரம் வருவதற்குள் பிரேக் கொதித்து, ஹப்பில் இருக்கும் கிரீஸ் உருகிப் புகையாகப் போய்விடும். மறுமுறை ஓட்டுவதற்கு முன் ஹப்பைத் திறந்து புது கிரீஸ் அடைக்க வேண்டும். நம் சைக்கிள் கடை அண்ணாச்சிகள் ஓவராயில் செய்யும்போது பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி கிரீஸ் வைப்பார்களே, அதே வேலைதான். இப்படி மீண்டும் மீண்டும் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே "ரீபேக்" என்று பெயர் வந்துவிட்டது.

யார் வேகமாக இறங்குகிறார் என்ற வாய்ச்சண்டையைத் தீர்க்க, 1976 அக்டோபர் 21 அன்று அங்கே முதல் போட்டி நடந்தது. பரிசுப்பணமோ பார்வையாளர் கூட்டமோ கிடையாது. ஒவ்வொருவராக இடைவெளி விட்டு அனுப்பி, மேலும் கீழும் கடிகாரம் வைத்து நேரம் குறித்தார்கள். முதல் போட்டியில் வென்றவர் ஆலன் பாண்ட்ஸ். பின்னாளில் கேரி ஃபிஷர் இறங்கிய 4 நிமிடம் 22 விநாடிதான் அந்தப் பாதையின் சாதனை. கணக்கு போட்டுப் பாருங்கள், மண்ணும் கல்லும் வளைவுமாக உள்ள பாதையில் சராசரி வேகமே மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் வரும்! வெண்டி கிராக் என்ற பெண்ணும் அந்தக் கூட்டத்தில் ஓட்டினார். ஓட்டியதோடு நிற்காமல் படமும் எடுத்தார். அன்று நடந்ததை இன்று நாம் கண்ணால் பார்க்க முடிவது பெரிதும் அவர் எடுத்த படங்களால்தான்.

அடுத்து நடந்ததை என் மைத்துனர் கவனிக்க வேண்டும். இறங்குவது சரி, திரும்ப மேலே ஏற வேண்டாமா? அந்தக் கனமான வண்டியைத் தள்ளிக்கொண்டோ வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டோ போனார்கள். பிறகு கியர் பொருத்தினார்கள். வலுவான கைப்பிரேக் பொருத்தினார்கள், சிலர் மோட்டார் சைக்கிளின் பிரேக் லீவரைக்கூட எடுத்து மாட்டினார்கள். பழைய சட்டங்கள் முறிய ஆரம்பித்ததும், 1977-ல் ஜோ பிரீஸ் மலைக்கென்றே புதிதாக ஒரு சட்டம் கட்டினார். "பிரீசர்" எனப்படும் அந்த முதல் வண்டி இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979-ல் டாம் ரிட்சி சட்டம் கட்டித் தர, ஃபிஷரும் கெல்லியும் "மவுண்டன் பைக்ஸ்" என்ற பெயரில் சிறு வியாபாரம் தொடங்கினார்கள். உலகமே இன்று சொல்லும் பெயர் அந்தக் கடைப் பெயர்தான். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு என்ற கம்பெனி "ஸ்டம்ப்ஜம்பர்" என்ற வண்டியை ஜப்பானில் பெருமளவில் செய்து 750 டாலருக்கு விற்றது. 1990-ல் கொலராடோ மாநிலத்தின் டுராங்கோவில் உலகப் போட்டி. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக். விளையாட்டாக இறங்கிய கூட்டம் இருபது வருடத்தில் ஒலிம்பிக் மேடைவரை ஒரு விளையாட்டைக் கொண்டு போய்விட்டது.

அப்படியானால் மலைச் சைக்கிளைக் கண்டுபிடித்தவர் யார்? ஒரு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டால் இதற்கு விடை கிடையாது. மரினுக்கு இருபது வருடம் முன்பே, 1950-களில், பாரிஸ் புறநகரில் சில இளைஞர்கள் சைக்கிளை மாற்றியமைத்துக் கரடுமுரடான நிலத்தில் ஓட்டினார்கள். 1953-ல் ஜான் ஃபின்லே ஸ்காட் என்ற அமெரிக்கர் தனக்கென்று காட்டுச் சைக்கிள் ஒன்றைச் செய்துகொண்டார். 1974-ல் கூபர்டினோ என்ற ஊரிலிருந்து வந்த இளைஞர்கள் தடித்த டயர் வண்டியில் கியர் மாட்டியிருந்ததை மரின்காரர்கள் நேரில் பார்த்தார்கள். 1976-ல் கொலராடோவின் கிரெஸ்டட் பியூட் ஊர்க்காரர்கள் பழைய சைக்கிள்களில் 12,000 அடிக்கு மேல் உள்ள பேர்ல் கணவாயைக் கடந்தார்கள். ஆசை பல இடத்தில் முளைத்தது. மரினில் மட்டும் அது நிலைத்ததற்கு எனக்குத் தெரிந்த காரணம், அங்கே ஒரு கூட்டம் இருந்தது. ஒருவர் ஓட்டினார், ஒருவர் கட்டினார், ஒருவர் எழுதினார், ஒருவர் படம் எடுத்தார். சார்லி கெல்லி 1980-ல் "ஃபேட் டயர் ஃபிளையர்" என்று இதற்கென்றே ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். தனியாகச் செய்தது செய்தவரோடு முடிந்துபோகும், கூடிச் செய்தது பரவும்.

கதையில் கசப்பான பக்கமும் உண்டு. சைக்கிள்கள் பெருகியதும், அதே மலையில் காலாற நடக்க வந்தவர்களும் குதிரை ஓட்டுபவர்களும் பயந்தார்கள். வளைவில் திடீரென்று ஒருவன் பாய்ந்து வந்தால் பெரியவர்கள் எங்கே ஒதுங்குவார்கள்? தகராறு முற்றி, சைக்கிள் பிறந்த அந்த மலையிலேயே ஒற்றையடிப் பாதைகள் பலவும் சைக்கிளுக்கு மூடப்பட்டன. அகலமான பாதைகளில் மணிக்கு 15 மைல் வேக வரம்பு வந்தது. ஆளைக் கடக்கும்போது 5 மைல்தான். 1984-ல் அமெரிக்க வனத்துறை பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளில் சைக்கிளே கூடாது என்று விதியைத் தெளிவாக்கியது. அதன்பிறகுதான் ஓட்டுபவர்கள் விழித்துக்கொண்டார்கள். 1988-ல் கலிபோர்னியச் சங்கங்கள் சேர்ந்து சர்வதேச மலைச் சைக்கிள் சங்கத்தை அமைத்தன. நடப்பவர்களுக்கு வழிவிடு, ஈரப்பாதையைக் கிழிக்காதே, மிருகங்களை மிரட்டாதே என்று விதிகள் வகுத்து, மண்வெட்டி பிடித்துப் பாதைகளைத் தாங்களே சீர்செய்ய முன்வந்தார்கள். மூடிய பாதைகள் எல்லாம் திறந்துவிடவில்லை. பல இடங்களில் அந்த வழக்கு இன்றும் நடக்கிறது.

மைத்துனருக்கு என் பதில் இதுதான். குரங்கு பெடல் போட்டு விழுந்து எழுந்த நாம் யாரும் அன்று ஏதோ வேலைக்காக ஓட்டவில்லை, காற்று முகத்தில் அடித்த சந்தோஷத்துக்காகத்தான் ஓட்டினோம். பிழைப்பு அதன் பிறகு வந்தது. அந்தச் சந்தோஷத்தை நாற்பது வயதில் ஒருவன் திரும்பத் தேடுகிறான் என்றால் அது வெட்டி வேலை இல்லை.

ஓட்டுகிற என் பிள்ளைகளுக்கும் இரண்டு வார்த்தை. லட்ச ரூபாய் வண்டி இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். இந்த விளையாட்டே காயலான் கடைச் சைக்கிளில்தான் தொடங்கியது. உங்கள் ஹப்பை ஒருமுறையாவது நீங்களே திறந்து கிரீஸ் வைத்துப் பாருங்கள். இன்னொன்று, மலையில் உங்களுக்கு முன்பிருந்தே விறகும் தேனும் சுமந்து நடப்பவர்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் பாதை. மணி அடித்து, வேகம் குறைத்து, ஒரு வணக்கம் சொல்லிவிட்டுக் கடந்து போங்கள். தலைக்கவசம் மறக்க வேண்டாம்.