அடிமையும் சார்பும்: அபினி மருந்து நோய்க் கலைச்சொற்களின் வரலாறு

1. முன்னுரை

ஒரு நோய்க்கு இடப்படும் பெயர், அந்நோயாளியை யாருடைய பொறுப்பில் ஒப்படைப்பது என்பதையும் பல வேளைகளில் முடிவு செய்துவிடுகிறது. அபினியிலிருந்து பெறப்படும் வலிநீக்கி மருந்துகளாலும், அவற்றையொத்த செயற்கை மருந்துகளாலும் உண்டாகும் நோயின் வரலாற்றில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படுகிறது. அந்நோயாளி முதலில் மருத்துவரிடமும், பின்னர்க் காவலரிடமும், மீண்டும் மருத்துவரிடமும் அனுப்பப்பட்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சொல் மாறியது. அல்லது ஒரு சொல்லின் பொருள் மாறியது. இம்மாற்றங்களைக் கால வரிசையில் எடுத்துரைத்து, தமிழில் வழங்கும் 'அடிமை', 'சார்பு', 'மீட்பு' ஆகிய மூன்று சொற்களின் பொருத்தப்பாட்டை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வேர்ச்சொற்கள் காட்டும் மூன்று பார்வைகள்

சாறு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த 'ஓபியோன்', அரபியில் 'அஃப்யூன்' ஆகி, இந்திய மொழிகளில் அஃபீம், அபின், அபினி என வழங்கலாயிற்று. ஜெர்மானிய மருந்தாளரான செர்ட்டுர்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினியிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்குக் கனவுத் தெய்வமாகிய மார்ஃபியசின் பெயரைத் தழுவிப் பெயரிட்டார். அதுவே மார்பீன். 1898இல் பேயர் நிறுவனம் மார்பீனின் வழிப்பொருள் ஒன்றை இருமல் மருந்தாக விற்பனைக்குக் கொணர்ந்து, அதற்கு 'ஹெராயின்' எனப் பெயரிட்டது.

மருந்தின் பெயர் மொழிகள்தோறும் ஏறக்குறைய ஒன்றாயிருக்க, நோயின் பெயரோ மொழிக்கு மொழி வேறுபட்டது. பெர்லின் மருத்துவர் லெவின்ஷ்டைன் 1877இல் வெளியிட்ட நூல் இந்நோயை 'மார்பியம்ஸூக்ட்' என்று குறித்தது. 'ஸூக்ட்' என்னும் ஜெர்மன் சொல்லின் வேர் நோயுறுதலைக் குறிப்பது. பிரெஞ்சு மொழியின் 'டாக்சிகோமனி' நஞ்சின்மேல் கொண்ட பித்து எனப் பொருள்படுவது. ஆங்கிலத்தின் 'அடிக்ஷன்' உரோமச் சட்டத்தின் வழக்காற்றிலிருந்து வந்தது. அங்குக் கடனைத் திருப்பித் தர இயலாதவன் நடுவரின் ஆணைப்படி கடன் கொடுத்தவனிடம் ஒப்படைக்கப்பட்டான். அவ்வாறு ஒப்படைக்கப்பட்டவனே 'அடிக்டஸ்'. ஆக, ஒரு மொழி நோயையும், ஒரு மொழி பித்தையும், ஒரு மொழி அடிமைத்தனத்தையும் கண்டன.

லெவின்ஷ்டைன் நூல் 1878இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது, அதன் தலைப்பில் 'அடிக்ஷன்' என்னும் சொல் இடம்பெறவில்லை. மார்பீன்மீது கொள்ளும் நோய்த்தன்மை வாய்ந்த வேட்கை என்றே தலைப்பு மொழிபெயர்க்கப்பட்டது. அக்காலத்தில் ஆங்கிலத்திலும் அடிமை என்னும் உருவகம் இந்நோய்க்கு ஒரே பெயராக நிலைபெறவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

3. நீதிமன்றம் உரைத்த பொருள்

அமெரிக்காவில் 1914இல் இயற்றப்பட்ட ஹாரிசன் சட்டம், அபினி மருந்துகளை மருத்துவர் தம் தொழில்நெறிக்கு உட்பட்டு எழுதித்தர இடமளித்தது. எனினும், பழக்கத்திற்கு ஆட்பட்ட ஒருவரின் துன்பம் தணிய, அதனை நீக்கும் நோக்கமின்றி, மார்பீனைத் தொடர்ந்து எழுதித்தருவது மருந்துச் சீட்டு ஆகுமா என்னும் வினா எழுந்தது. 1919இல் வெப் வழக்கில் உச்ச நீதிமன்றம், அதனை மருந்துச் சீட்டு என அழைப்பது சொல்லின் பொருளை வெளிப்படையாகத் திரிப்பதாகும் எனக் கூறி, விரிவான விவாதமின்றியே முடித்துவிட்டது. ஒரு சொல்லின் பொருள்வரையறை ஒரு மருத்துவ முறையையே குற்றமாக்கியது. இச்சட்டத்தின்கீழ் மருத்துவர் பலர் தண்டிக்கப்பட்டனர். நோயாளிகள் கள்ளச் சந்தையை நாடினர்.

பிரிட்டனில் 1926இல் ரோல்ஸ்டன் குழு இதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தது. மருந்தை முற்றிலும் நிறுத்த இயலாத நிலையில், குறைந்த அளவில் அதைத் தொடர்ந்து பெற்றுப் பயனுள்ள வாழ்க்கை நடத்தக்கூடியவருக்கு மருந்து எழுதித்தருவதும் சிகிச்சையே என்று அக்குழு கருதியது. ஒரே மொழி பேசும் இரு நாடுகளில் 'சிகிச்சை' என்னும் சொல் இருவேறு பொருள் கொண்டது. பின்னர் 1962இல் ராபின்சன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்நோய்க்கு ஆட்பட்டிருக்கும் நிலையையே குற்றமாக்குதல் அரசியலமைப்புக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது.

4. 'சார்பு' என்னும் மாற்றுச்சொல்

உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1957இல் 'அடிக்ஷன்', 'பழக்கப்படுதல்' என இரு நிலைகளைப் பிரித்து வரையறுத்தது. அப்பிரிவினை நடைமுறையில் குழப்பத்தையே விளைவித்தமையால், 1964இல் இரண்டையும் கைவிட்டு, 'டிபென்டென்ஸ்', அதாவது மருந்துச் சார்பு, என்னும் ஒரே சொல்லை அந்நிறுவனம் பரிந்துரைத்தது. இழிவுப்பொருள் அற்றதென்பது இச்சொல்லின் சிறப்பாகக் கருதப்பட்டது.

ஆயினும் இச்சொல்லும் புதிய இடரைத் தோற்றுவித்தது. அபினி மருந்தைச் சில வாரங்கள் தொடர்ந்து உட்கொள்ளும் எவருடைய உடலும் அதற்குப் பழகிவிடும். திடீரென நிறுத்தினால் துன்பக்குறிகள் தோன்றும். இது உடலியல் நிகழ்வு, உடற்சார்பு எனப்படும். தீங்கு நேர்வதை அறிந்தும் மருந்தைத் தேடியலையும் கட்டுப்பாடற்ற நிலையோ வேறு, அதுவே நோய். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1987இல் திருத்தி வெளியிட்ட நோய்வகைக் கையேடு, இரண்டாவதைக் குறிக்கவும் 'டிபென்டென்ஸ்' என்பதையே தேர்ந்தது. குழுவில் ஒரேயொரு வாக்கு வேறுபாட்டில் இச்சொல் தேர்வுபெற்றதாக 2006இல் ஒப்ரையன், வோல்கோவ், லி ஆகியோர் எழுதியுள்ளனர். இரு நிலைகளும் ஒரே பெயர் பெற்றதால், உடற்சார்பு மட்டுமே உடைய வலிநோயாளிகளுக்கு மருத்துவர்கள் மருந்து தரத் தயங்கினர் என்பது அவர்களது குற்றச்சாட்டு. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு இச்சொல்லை நீக்கி, 'அபினிவகைப் பொருள் பயன்பாட்டு நோய்' எனப் பெயரிட்டது. மருத்துவர் மேற்பார்வையில் மருந்து உட்கொள்பவரிடம் காணப்படும் உடற்சார்பை நோய்க்குறியாகக் கணக்கிடலாகாது என்றும் அது விதித்தது.

5. ஐந்து வாக்கியக் கடிதம்

தயக்கம் ஒரு புறமிருக்க, மிகைநம்பிக்கையும் ஒரு பனுவலிலிருந்தே வளர்ந்தது. 1980 ஜனவரியில் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் போர்ட்டர், ஜிக் என்னும் இருவர் ஐந்து வாக்கியங்களாலான கடிதம் ஒன்றை வெளியிட்டனர். மருத்துவமனையில் தங்கி அபினி மருந்து பெற்ற 11,882 நோயாளிகளுள், முன்பு இப்பழக்கம் இல்லாதவரிடையே நால்வருக்கு மட்டுமே இந்நோய் ஏற்பட்டதற்கு ஆவணம் உள்ளது என்பதே கடிதத்தின் சாரம். மருத்துவமனைக்கு வெளியே, மாதக்கணக்கில், வீட்டிலிருந்தபடி மருந்து உட்கொள்பவரைப் பற்றி அக்கடிதம் எதுவும் கூறவில்லை.

மேற்கோள் காட்டியோர் இவ்வரம்பை விட்டுவிட்டனர். 2017இல் அதே இதழில் வெளியான ஆய்வின்படி, அக்கடிதம் 608 முறை மேற்கோளாக எடுத்தாளப்பட்டிருந்தது. அவற்றுள் 439 கட்டுரைகள் இந்நோய் அரிது என்பதற்கு அதைச் சான்றாக்கின. 491 கட்டுரைகள் அது மருத்துவமனை நோயாளிகளைப் பற்றியது என்பதைக் குறிப்பிடவில்லை. 1996இல் ஆக்ஸிகான்டின் மாத்திரை சந்தைக்கு வந்த பின்னர் மேற்கோள்கள் மிகுந்தன. இதற்கிடையே, 1989இல் 'போலி அடிக்ஷன்' என்னும் புதிய கலைச்சொல் ஒரேயொரு நோயாளியின் வரலாற்றைக் கொண்டு ஆக்கப்பட்டது. வலி தீராமையால் ஒருவர் கூடுதல் மருந்து கேட்பதை அது குறித்தது. இச்சொல் பரவிய பின்னர், நோயின் அறிகுறியே மருந்தளவைக் கூட்டுவதற்குக் காரணமாகவும் கொள்ளப்பட்டது.

2007இல் பர்டூ குழுமத்தைச் சார்ந்த நிறுவனம் ஒன்று நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அக்குற்றத்தின் சட்டப்பெயர் 'தவறான பெயரீடு' என்பதாகும். அமெரிக்காவில் 1999 முதல் 2021 வரை, மருத்துவர் எழுதித்தந்ததும் கள்ளச் சந்தையில் விற்றதுமாகிய அபினிவகை மருந்துகளை மிகுதியாக உட்கொண்டு இறந்தோர் ஏறத்தாழ 6,45,000 பேர். இவ்வழிவுக்குச் சொற்களே காரணம் என்பது பொருந்தாது. எனினும் வரம்பு நீக்கப்பட்ட ஒரு மேற்கோளுக்கு அதில் பங்குண்டு.

6. சிகிச்சையும் 'மீட்பு' என்னும் சொல்லும்

1965இல் நியூயார்க்கில் டோல், நைஸ்வாண்டர் ஆகியோர் 22 நோயாளிகளுக்கு மெதடோன் என்னும் மருந்தை நாள்தோறும் அளித்து, அவர்கள் வேலைக்கும் படிப்புக்கும் திரும்பியதைப் பதிவு செய்தனர். பின்னர் புப்ரினார்பின் என்னும் மருந்தும் பயன்பாட்டிற்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2005இல் இவ்விரண்டையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இச்சிகிச்சையில் இருக்கும் காலத்தில் இறப்பு கணிசமாகக் குறைகிறது. மாறாக, மருந்தை முற்றிலும் நிறுத்தி வெளியேறியவரின் உடல் தாங்குதிறனை இழந்துவிடுவதால், பழைய அளவை மீண்டும் உட்கொள்ள நேர்ந்தால் உயிரிழக்கும் வாய்ப்பு மிகுதி.

இங்கே தமிழ்ச் சொல் ஒன்று இடையூறாகிறது. 'மீட்பு' என்பது பிறவினையடியாகப் பிறந்த பெயர். அடகு வைத்த நகையை மீட்கிறோம். வெள்ளத்தில் சிக்கியவரை மீட்கிறோம். மீட்கப்படுபவர் அங்கே செயப்படுபொருள். 'மீட்சி' என்பதோ 'மீள்' என்னும் தன்வினையடியாகப் பிறந்தது. பொருளாதார மீட்சி என்னும் வழக்கில் அப்பொருளைக் காணலாம். 'போதை மீட்பு மையம்' என்னும்போது, பிறர் ஒருமுறை செய்து முடிக்கும் செயலாகச் சிகிச்சை தோன்றுகிறது. நாள்தோறும் மருந்துண்டு நீரிழிவு நோயாளியைப்போல் வாழ்பவர் இன்னும் மீட்கப்படாதவராகவே எண்ணப்படுகிறார். மருந்தை எப்போது நிறுத்துவது எனக் குடும்பத்தார் வற்புறுத்துவதற்கு இவ்வெண்ணமும் துணைசெய்கிறது.

7. இந்தியச் சட்டமும் தமிழ் வழக்கும்

இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் 'அடிக்ட்' என்பவரை அச்சொல்லின் வினைவடிவத்தைக் கொண்டே வரையறுத்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை மாற்றி, போதைப்பொருள்மீது சார்பு உடையவர் என வரையறுத்தது. தலைச்சொல் பழையதாகவே நிற்க, அதன் விளக்கம் மட்டும் மாறியது. 1985க்குப் பின்னர் மருத்துவத்தில் மார்பீனின் பயன்பாடு இந்தியாவில் வெகுவாகச் சரிந்தமையால், 2014ஆம் ஆண்டுத் திருத்தம் 'இன்றியமையாப் போதை மருந்துகள்' என்னும் வகையைச் சேர்த்தது.

தமிழில் 'லாகிரி வஸ்து' வழக்கிழந்து, 'போதைப்பொருள்' நிலைபெற்றது. 'அடிக்ட்' என்பதற்கு 'அடிமை' என்பதே வழங்குகிறது. உரோமச் சட்டத்தின் வேர்ப்பொருளுக்கு இதைவிட நெருங்கிய சொல் கிடைப்பது அரிது. மேலும், பக்தி மரபில் 'அடிமை' இறைவனுக்குத் தன்னை ஒப்புவித்தலைக் குறித்தது போலவே, 16, 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலும் 'அடிக்ட்' ஒன்றில் தன்னை ஈடுபடுத்துதலைக் குறித்தது. ஆனால் வேருக்கு உண்மையாக இருக்கும் மொழிபெயர்ப்பு இன்றைய பொருளுக்கும் உண்மையாக இருக்கும் என்பதில்லை. 2001ஆம் ஆண்டின் வரையறையையும் 'அடிமை' எனப் பெயர்த்தால், திருத்தம் நீக்க முயன்றதை மொழிபெயர்ப்பு மீண்டும் புகுத்திவிடும். புற்றுநோய் வலிக்கு மார்பீன் பெறுபவரிடம் 'உடற்சார்பு ஏற்படும்' என்பதும், 'அடிமையாகிவிடுவீர்கள்' என்பதும் ஒன்றல்ல. பின்னதைக் கேட்டவர் வலியைத் தாங்கிக்கொள்ளவே முடிவு செய்யக்கூடும்.

8. முடிவுரை

2019இல் வெளியான தேசிய ஆய்வறிக்கையின்படி, இந்தியாவில் அபினிவகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 2.26 கோடி, அவர்களுள் உதவி தேவைப்படுவோர் ஏறத்தாழ 77 இலட்சம். இத்தகையோரும் அவர்தம் குடும்பத்தாரும் படிக்கும் படிவங்கள், மருந்துச் சிட்டைகள், சட்ட விளக்கங்கள் ஆகியவற்றை மொழிபெயர்ப்போர் மூன்று வேறுபாடுகளைப் பேணுதல் வேண்டும். உடலியல் நிகழ்வை 'உடற்சார்பு' என்றும், நோயைப் 'பயன்பாட்டு நோய்' என்றும், நோயாளியே மேற்கொள்ளும் நெடிய முயற்சியை 'மீட்சி' என்றும் வழங்கலாம். 1919ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் போன்ற பழைய ஆவணங்களைப் பெயர்க்கும்போது மட்டும் 'அடிமை' என்பதை மாற்றாமல் விடுதல் முறையாகும். அக்காலத்தார் நோயாளியை எவ்வாறு கண்டனர் என்பதற்கு அச்சொல்லே சான்று.