மூடுபனியில் தரையைத் தேடியவர்கள்

எதிரியின் குண்டுக்குத் தப்பி வந்தவர்கள், சொந்த ஊர்ப் பனியில் மாண்டுபோன கதையொன்று இருக்கிறது உறவுகளே. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

1943 டிசம்பர் 16. இரண்டாம் உலகப் போர்க்காலம். பிரித்தானியாவின் 480க்கும் அதிகமான லங்காஸ்டர் விமானங்கள் பேர்லின் மீது குண்டு வீசப் புறப்பட்டன. அவற்றில் 25 எதிரியிடம் வீழ்ந்தன. மற்றவை திரும்பி வந்தபோது, கிழக்கு இங்கிலாந்தின் விமானத் தளங்களைத் தாழ்ந்த முகிலும் மூடுபனியும் மூடிக் கிடந்தன. எரிபொருளோ முடியும் தறுவாயில். தரை எத்தனை அடி கீழே இருக்கிறது என்று தெரியாமல் வட்டமிட்டார்கள். அந்த இரவில் சுமார் 30 விமானங்கள் தரையில் மோதியும் நடுவானில் கைவிடப்பட்டும் அழிந்தன. இறந்தவர்கள் சுமார் 150 பேர். பெரும்பாலானோர் இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள். அவர்கள் வீசிய குண்டுகளால் பேர்லினில் மாண்டவர்களும் மனிதர்கள்தான். போரின் கணக்கு அப்படித்தான், இரு பக்கமும் இழப்பு.

பனியை வெல்ல அன்று கண்ட வழி நெருப்பு. ஓடுபாதையின் இரு மருங்கிலும் குழாய் போட்டு, பெற்றோலை எரித்து, அந்த வெப்பத்தால் பனியைக் கலைத்தார்கள். ‘ஃபைடோ’ என்று பெயர். கடைசியில் 15 தளங்களில் அது இருந்தது. போர் முடிவதற்குள் சுமார் 2,500 விமானங்கள் அதன் உதவியோடு இறங்கின. ஆனால் ஒரு மணித்தியாலத்துக்குப் பல்லாயிரம் கலன் பெற்றோல் எரியும்!

அதே காலத்தில் அமெரிக்க விஞ்ஞானி லூயிஸ் அல்வாரெஸ் வேறு வழி கண்டார். தரையில் இருப்பவர் ராடாரில் விமானத்தைப் பார்த்து, “கொஞ்சம் இடப்பக்கம், இன்னும் கீழே” என்று வானொலியில் விமானிக்குச் சொல்லிச் சொல்லி இறக்குவார். 1948-49இல் பேர்லின் நகருக்கு உணவும் நிலக்கரியும் கொண்டுபோன விமானங்களை மோசமான காலநிலையிலும் இறக்கியது இந்த முறைதான்.

1960இல் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். ஆனால் லேசரும் ஒளிதானே, அடர்ந்த பனியை அதனால் துளைக்க முடியாது. அந்தப் பலவீனத்தையே விஞ்ஞானிகள் பயனாக்கினார்கள். தரையிலிருந்து ஒரு லேசர்த் துடிப்பை நேரே மேலே அனுப்புவார்கள். முகிலின் நீர்த்துளிகளில் பட்டு அதில் ஒரு சிறு பங்கு திரும்பி வரும். ஒளியின் வேகம் செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர். ஆகவே, போய் வர ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு எடுத்தால், முகில் 300 மீற்றர் உயரத்தில் நிற்கிறது என்று பொருள்.

விமானியைக் கைபிடித்து இறக்குவது ராடாரும் வானொலியும்தான். லேசர் சொல்வது ஓர் எண் மட்டுமே. ஆனால் “இங்கே வராதே, வேறு தளத்துக்குப் போ” என்று எரிபொருள் தீருமுன்பே சொல்ல அந்த எண் போதும்.

அளவீடு என்றால் வெறும் கணக்குப் பாடம் என்று நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.