சர்ப்பகந்தியும் பூனைக்காலியும்: நரம்புக்கடத்தி ஆய்வு வரலாற்றில் தென்மலை மூலிகைகள் இரண்டு

நரம்பணுக்கள் தமக்குள் செய்தி கடத்துவதற்கு மின்துடிப்பை மட்டுமன்றி வேதிப்பொருள்களையும் பயன்படுத்துகின்றன என்னும் உண்மை இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஐரோப்பிய ஆய்வகங்களில் படிப்படியாக நிறுவப்பட்டது. மூளைக்குள்ளும் அவ்வாறே நிகழ்கிறது என்பது உறுதிப்பட மேலும் காலம் பிடித்தது. அந்த இரண்டாம் கட்டத்தில் ஓர் இந்தியத் தாவரத்தின் வேர் முதன்மையான பங்கு வகித்தது. அது சர்ப்பகந்தி. அதே காலத்தில், அதே ஆய்வுக்குத் தேவைப்பட்ட மற்றொரு பொருளைத் தன் விதையில் வைத்திருந்தும் கவனிக்கப்படாமல் போன செடி பூனைக்காலி. இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் வளர்பவை. இரண்டும் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாக வழங்கியவை. இருந்தும் ஒன்று நரம்பியலின் போக்கை மாற்றியது, மற்றொன்று அவ்வறிவியல் முதிர்ந்த பின்னரே பொருள் பெற்றது. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதியாக இருந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் அருகருகே வேரூன்றியிருக்கின்றன. முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியும், நாகர்கோவில் கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியும் இன்று இயங்குவது அந்த இரட்டை மரபின் தொடர்ச்சியே. பேச்சிப்பாறையை ஒட்டிய மலைகளில் வாழும் காணிக்காரர்களின் தாவர அறிவு இவ்விரண்டுக்கும் அடியில் உள்ள தனி அடுக்கு. அச்சேறிய சான்று வேண்டுமெனில், கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுப்பித்து 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ நூலைக் காட்டலாம். அதில் சர்ப்பகந்தி சுவன்ன அமல்பொடி என்ற பெயரிலும், பூனைக்காலி நாய்க்கொரணா என்ற பெயரிலும் படங்களுடன் இடம்பெற்றுள்ளன. ஆகவே மலபார், திருவிதாங்கூர்ப் பகுதிகளின் வைத்தியர்கள் இவற்றை அறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை. எதை அறிந்திருந்தனர் என்பதே கேள்வி.

அதற்கு விடை காணுமுன் நரம்பணுவின் செயல்முறையைச் சுருக்கமாகக் காண்பது தேவை. இத்தாலியரான கோல்ஜி 1873இல் கண்டறிந்த வெள்ளி உப்புச் சாயமுறையைக் கொண்டு, ஸ்பெயின் நாட்டு ராமோன் இ கஹால் 1888 முதல் மூளைத் திசுவை ஆராய்ந்து, நரம்பு மண்டலம் தொடர்ச்சியான ஒரே வலைப்பின்னல் அன்று, தனித்தனி அணுக்களால் ஆனது என்று காட்டினார். கோல்ஜி இதை இறுதிவரை ஏற்கவில்லை. இருவருக்கும் 1906ஆம் ஆண்டின் நோபல் பரிசு சேர்த்தே வழங்கப்பட்டது. நரம்பணு ஒவ்வொன்றும் செய்தியைப் பெறும் கிளையிழைகளையும், செய்தியை வெளியே கொண்டுசெல்லும் ஆக்சான் என்னும் நீளிழையையும் உடையது. ஓய்வுநிலையில் அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தம் கொண்டிருக்கும். தூண்டல் போதிய அளவை எட்டியதும் சவ்விலுள்ள சோடியம் வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உட்பாய, தொடர்ந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேற, அந்த மின்மாற்றம் ஆக்சான் நெடுகிலும் அலையாகப் பரவுகிறது. இதனைக் கணித வடிவில் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் 1952இல் விளக்கினர்.

ஆக்சானின் முனையில் சிக்கல் தொடங்குகிறது. அம்முனைக்கும் அடுத்த அணுவுக்கும் இடையே ஒரு மீட்டரின் நூறுகோடியில் இருபது பங்கு அளவே உள்ள நுண்ணிய இடைவெளி இருக்கிறது. நரம்பிணைப்பு அல்லது சினாப்ஸ் எனப்படும் இச்சந்திப்பை மின்னலை அப்படியே தாண்டுகிறதா, வேறு ஏதேனும் தாண்டுகிறதா என்பதில் அறிஞர்கள் பல பத்தாண்டுகள் பிளவுபட்டு நின்றனர். 1921இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லூவி ஒரு தவளையின் இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தணித்து, அவ்விதயத்தைச் சூழ்ந்த நீர்மத்தை மற்றொரு தவளை இதயத்தின்மீது செலுத்தியபோது, நரம்புத் தூண்டல் ஏதுமில்லாமலேயே இரண்டாவது இதயமும் மெதுவாகத் துடித்தது. நரம்பு முனையிலிருந்து ஒரு வேதிப்பொருள் சுரக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அது அசிட்டைல்கோலின் எனப் பின்னர் அறியப்பட்டது. லூவியும் பிரிட்டனின் ஹென்றி டேலும் 1936இல் நோபல் பரிசு பெற்றனர். எனினும் இதயத்துக்கும் தசைக்கும் பொருந்துவது மூளைக்கும் பொருந்தும் என்பதைப் பலர் 1950கள் வரை ஏற்கவில்லை.

இந்த ஐயம் நிலவிய காலத்தில்தான் சென்னையில் ஓர் ஆய்வு நடந்தது. டோபா என்னும் அமினோ அமிலத்தை அவரை இனத்தைச் சேர்ந்த ஃபாபா மொச்சையிலிருந்து பாசல் நகரில் குகென்ஹைம் என்பவர் 1913இலேயே பிரித்திருந்தார். அதில் இரண்டரை கிராம் தாமே விழுங்கிக் கடுமையாக வாந்தியெடுத்தார் என்பது மருத்துவ வரலாற்றில் பதிவான செய்தி. சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும் அதே பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்து 1937இல் பிரிட்டனின் உயிர்வேதியியல் இதழில் வெளியிட்டனர். ஒரு விதையில் இன்ன அமினோ அமிலம் இருக்கிறது என்பது அவர்களது முடிவு. வேதியியல் என்ற அளவில் அது முழுமையான பணியே. அடுத்த ஆண்டே ஜெர்மனியில் பீட்டர் ஹோல்ட்ஸ், டோபாவைச் சிதைத்து டோபமைனாக மாற்றும் நொதியைக் கண்டுபிடித்தார். ஆயினும் டோபமைன் அப்போது நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருள் உருவாகும் வழியில் தோன்றும் ஓர் இடைப்பொருளாக மட்டுமே கருதப்பட்டதால், பூனைக்காலி விதைக்கும் மூளைக்கும் தொடர்புண்டு என்று எண்ண யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

சர்ப்பகந்தியின் கதை நேர்மாறானது. வட இந்தியாவில் அது பைத்தியத்துக்கான மருந்து என்றே வழங்கப்பட்டு வந்தது. கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய கல்கத்தா மருத்துவர்கள் 1931இல் அவ்வேர் மனநோயையும் உயர் இரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது என்று எழுதினர்; பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் உயர் இரத்த அழுத்த நோயாளிகளிடம் அதைச் சோதித்து 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது. மூன்றாண்டுகளில், 1952இல், சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் காரப்போலியைத் தனித்தெடுத்தது. 1954இல் நேதன் கிளைன் அதை அமெரிக்க மனநல மருத்துவமனை நோயாளிகளுக்குக் கொடுத்து நற்பயன் கண்டார். இங்கே கவனிக்க வேண்டியது, வேர் ஆய்வகத்துக்குள் நுழையும்போதே மனத்தின்மீதும் குருதிநாளத்தின்மீதும் அதற்குள்ள விளைவு என்ற கேள்வியைச் சுமந்தே நுழைந்தது என்பதுதான். பூனைக்காலிக்கு அந்தத் துணை இருக்கவில்லை.

ரெசர்பின் எவ்வாறு அமைதிப்படுத்துகிறது என்று ஆராய்ந்த அமெரிக்காவின் பிராடி குழுவினர், அது மூளையிலுள்ள செரட்டோனின் என்னும் வேதிப்பொருளின் அளவை வீழ்த்துகிறது என்று 1955இல் கண்டனர். அக்குழுவில் சிலகாலம் பணியாற்றிவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஆர்விட் கார்ல்சன், அம்மருந்து நார்அட்ரினலினையும் காலியாக்குகிறதா என்று பார்த்தார், ஆக்கியது. 1957இல் அவரும் உடனாய்வாளர்களும் ரெசர்பின் கொடுக்கப்பட்டு அசைவற்றுக் காது தொங்கிக் கிடந்த முயல்களுக்கு டோபாவைச் செலுத்தியபோது, சிறிது நேரத்தில் அவை எழுந்து நடமாடின. செரட்டோனினின் முன்பொருள் அவ்விளைவைத் தரவில்லை. எழுந்த முயல்களின் மூளையை அளந்தபோது நார்அட்ரினலின் மீளவில்லை, டோபமைனே மிகுந்திருந்தது. ஆக, இடைப்பொருள் எனத் தள்ளப்பட்டது தானே ஒரு நரம்புக்கடத்தி என்றும், உடலசைவு அதைச் சார்ந்திருக்கிறது என்றும் கார்ல்சன் வாதிட்டார். 1960இல் லண்டனில் கூடிய கருத்தரங்கில் மூத்த அறிஞர்கள் இதை நம்ப மறுத்தனர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2000இல், அவருக்கு நோபல் பரிசு கிட்டியது.

ரெசர்பின் செய்வது என்ன என்பது பின்னர் அணுவளவில் விளங்கியது. நரம்பு முனையில் கடத்திகள் நுண்பைகளுக்குள் அடைத்து வைக்கப்படுகின்றன. மின்துடிப்பு முனையை எட்டியதும் கால்சியம் உட்புகுந்து, நுண்பைகள் சவ்வோடு இணைந்து தம் உள்ளடக்கத்தை இடைவெளியில் கொட்டுகின்றன. அது எதிர்ச்சவ்விலுள்ள ஏற்பிகளில் பொருந்தி அடுத்த அணுவைத் தூண்டுகிறது அல்லது தணிக்கிறது. எஞ்சியது மீண்டும் உறிஞ்சப்பட்டு நுண்பைகளுக்குள் சேர்க்கப்படுகிறது. ரெசர்பின், நுண்பைக்குள் கடத்தியை ஏற்றும் புரதத்தை முடக்குகிறது. குதிருக்குள் ஏற்றப்படாமல் களத்திலேயே கிடக்கும் நெல் மழைக்கும் எலிக்கும் இரையாவது போல, அடைபடாத டோபமைனும் செரட்டோனினும் நார்அட்ரினலினும் அணுவுக்குள்ளேயே மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்னும் நொதியால் சிதைக்கப்பட்டுவிடுகின்றன. துடிப்பு வருகிறது, கொட்டுவதற்கு ஒன்றுமில்லை.

டோபமைனின் பெரும்பகுதி அசைவைக் கட்டுப்படுத்தும் வரியுடலம் என்னும் மூளைப்பகுதியில் செறிந்திருப்பது 1959இல் தெரிந்தது. வியன்னாவில் எரிங்கரும் ஹார்னிகீவிச்சும் 1960இல் பார்க்கின்சன் நோயால் இறந்தோரின் மூளைகளில் அப்பகுதியை ஆராய்ந்து டோபமைன் பெரிதும் குறைந்திருப்பதைக் கண்டனர். டோபமைன் குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடையைக் கடக்காது. அதன் முன்பொருளான டோபா கடக்கும். 1961இல் வியன்னாவில் ஊசி வழியாகவும், 1967இல் நியூயார்க்கில் கோட்ஸியாஸ் வாய்வழியாகப் பேரளவிலும் கொடுத்தபோது, விறைத்துப்போயிருந்த நோயாளிகள் நடக்கத் தொடங்கினர். சென்னையில் முப்பதாண்டுகளுக்கு முன் பிரிக்கப்பட்ட பொருள் இப்போதுதான் தன் கேள்வியைச் சந்தித்தது. அப்போதும் இச்சோதனைகளுக்குப் பூனைக்காலியை யாரும் நாடவில்லை என்பதைக் குறிப்பிடுவது நேர்மை. நோல்ஸ் என்னும் அமெரிக்க வேதியியலார் டோபாவைத் தொழிற்சாலையில் செயற்கையாக ஆக்கும் வழியைக் கண்டு, 2001இல் அதற்காகவே நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

ரெசர்பின் உட்கொண்டவர்களுள் சிலர் மனச்சோர்வுக்கு ஆளானதைக் கொண்டு, மனச்சோர்வு என்பதே இக்கடத்திகளின் குறைபாடுதான் என்றொரு கோட்பாடு 1960களில் எழுந்தது. அது அளவுக்கு மீறி எளிமைப்படுத்தப்பட்டது என்பதே இன்றைய பெரும்பான்மைக் கருத்து.

பூனைக்காலி நரம்பியலுக்குள் வந்த மற்றொரு வாசலும் உண்டு. அதன் காயைத் தொட்டவர்கள் அறிந்த சுனையைப் பற்றியது அது. காயின்மேல் அடர்ந்த நுண்மயிர்கள் தோலில் குத்தியதும் தாங்கமுடியாத அரிப்பு எழுகிறது. 1954இல் அம்மயிர்களில் செரட்டோனின் இருப்பது கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு அரிப்புக்கு முதற்காரணம் மியுக்குனேன் என்னும் புரதச்சிதைப்பு நொதி என்று காட்டப்பட்டது. ஹிஸ்டமின் என்னும் பொருளால் எழும் அரிப்பைத் தாங்கிச் செல்லும் நரம்பிழைகள் வேறு, இச்சுனையின் அரிப்பைத் தாங்கிச் செல்பவை வேறு என்று பிற்கால ஆய்வுகள் நிறுவியபோது, ஒவ்வாமை மருந்துக்கு அடங்காத நாட்பட்ட அரிப்புகளைப் புரிந்துகொள்ள இந்தக் காட்டுக்கொடியின் மயிரே ஆய்வகக் கருவியாயிற்று.

விதையைப் பொறுத்தவரை, தென்மலைக் காணிக்காரர்கள் அதை உணவாகவும் கொள்கின்றனர். ஆனால் பலமுறை வேகவைத்து ஒவ்வொரு முறையும் நீரை வடித்துக் கொட்டிய பின்பே உண்கின்றனர் என்று உணவியல் ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. விதையின் எடையில் ஏறத்தாழ 3 முதல் 7 விழுக்காடு வரை டோபா இருப்பதையும், அது கொதிநீரில் கரைந்து வெளியேறுவதையும் நோக்கின், அந்த வடித்தலின் பொருள் விளங்கும். மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் 1989இல் பஞ்சத்தின்போது, வழக்கமாகக் கொட்டப்படும் நீரைத் தண்ணீர்ப் பற்றாக்குறையால் கொட்டாமல் இவ்விதையை உண்ட மக்களிடையே கடும் மனக்குழப்ப நோய் பரவியது. டோபமைன் குறைந்த மூளைக்கு மருந்தாவது, குறையாத மூளையில் மருட்சியை விளைவிக்கிறது. நம் முன்னோர் டோபமைனை அறிந்திருந்தனர் என்று மேடைகளில் சொல்லப்படுவது இந்தச் சான்றால் நிலைபெறாது. அவர்கள் அறிந்தது விளைவையும் அளவையும் ஆபத்தையுமே. அது குறைவான அறிவன்று. ஆனால் வேறுவகை அறிவு. ஆயுர்வேதம் கம்பவாதம் எனக் குறிக்கும் நடுக்கநோய்க்கு இவ்விதை பயன்பட்டதை மனியம் என்னும் ஆய்வாளர் 1990இல் பன்னாட்டு ஆய்விதழில் எடுத்துரைத்ததும் இந்த எல்லைக்குள் வைத்தே மதிப்பிடத்தக்கது.

லண்டனில் 2004இல் எட்டுப் பார்க்கின்சன் நோயாளிகளிடம் நடந்த சோதனையில் 30 கிராம் பூனைக்காலித் தூள் வழக்கமான டோபா மாத்திரையைவிட விரைவாகச் செயல்படத் தொடங்கி, கூடுதல் நேரம் பயன் தந்தது. பொலிவியாவில் பதினெட்டு நோயாளிகளிடம் ஒருவேளை மருந்தாகச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வும் அதை உறுதிப்படுத்தியது. ஆனால் அதே குழுவினர் பதினாறு வாரங்கள் நாள்தோறும் கொடுத்துப் பார்த்த அடுத்த சோதனையில், சேர்ந்த பதினான்கு பேரில் ஏழு பேர் இடையிலேயே விலகினர். நால்வர் வயிற்றுக் கோளாற்றால், மூவர் அசைவு மோசமானதால். மாத்திரையில் டோபாவோடு கார்பிடோபா என்னும் துணைப்பொருள் சேர்க்கப்படுகிறது; டோபா மூளையை எட்டுமுன் குடலிலும் குருதியிலும் டோபமைனாக மாறி, தடைக்கு வெளியேயுள்ள வாந்தி மையத்தைத் தூண்டாமல் அது காக்கிறது. விதையில் அந்தத் துணைப்பொருள் இல்லை. கொடிக்குக் கொடி, மண்ணுக்கு மண் டோபாவின் அளவும் மாறுவதால், நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் பூனைக்காலிச் சூரணத்தின் ஒரு கரண்டியில் எத்தனை மில்லிகிராம் டோபா உள்ளது என்பதை ஆய்வகத்தில் அளந்தாலொழிய எந்த மருத்துவராலும் சொல்லமுடியாது.