நிழலிலிருந்து வெளிச்சத்துக்கு: தமிழகத்தில் ஒளியளந்த வரலாறு

சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856-இல் அமர்த்தப்பட்ட கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1857 இறுதியிலிருந்து 1858 முற்பகுதி வரை ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை முதலிய ஊர்களில் எடுத்த படங்கள், ஒளியின் அளவைத் தீர்மானிப்பது இங்கே எத்துணைக் கடினமான கலையாகத் தொடங்கியது என்பதற்குச் சான்றாக நிற்கின்றன. அவர் கையாண்ட மெழுகிட்ட தாள் நெகட்டிவ் நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பை ஏறத்தாழ உணராமலும் பதிந்தது. ஆகவே கோபுரத்தின் நிழலில் இருக்கும் சிற்பங்கள் துலங்குவதற்காக லென்ஸை நிமிடக் கணக்கில் திறந்து வைத்தால், அதற்குள் வானம் நெகட்டிவில் முற்றிலும் கறுத்து, அச்சில் வெறும் வெண்பரப்பாகிவிடும். அந்த வெறுமையை ஏற்க மனமில்லாத டிரைப், நெகட்டிவின் மேலேயே வண்ணம் தீட்டி மேகங்களைச் சேர்த்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 அச்சுகளாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒரே சுவராகக் காட்டியதும், ஒளியை அளக்கும் மீட்டர் என்ற கருவியே இல்லாத காலத்தில் அவர் கண் செய்த சாதனை. 1859-இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், செலவைக் காரணம் காட்டி அப்பணியை நிறுத்தியது பெரும் இழப்பே.

ஒளிக்கும் நெகட்டிவின் கருமைக்கும் உள்ள உறவை ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற ஆய்வாளர் இருவரும் 1890-இல் வரைகோடாக வகுத்தனர். 1932-இல் வெஸ்டன் நிறுவனத்தின் ஒளிமின் மீட்டர் வந்தது. ஆயினும் ஊட்டியின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' பிலிமைத் தந்த காலத்திலும், நல்ல வெயிலில் 100 வேகப் பிலிமுக்கு லென்ஸின் துளை எஃப் 16, ஷட்டர் 125-இல் ஒரு பங்கு நொடி என்ற மனக்கணக்கே பலருக்குப் போதுமானதாயிருந்தது. நெகட்டிவில் பதியாத நிழலை எந்த இருட்டறையும் மீட்க முடியாது, சற்று மிகுந்த ஒளியையோ நெகட்டிவ் தாங்கிக்கொள்ளும் என்பதால், நிழலைக் காப்பதே அந்நாளைய விதி.

கேமராவுக்குள் குடியேறிய மீட்டருக்கு ஒரு குறை உண்டு: எதிரிலுள்ள எதையும் ஏறத்தாழ 18 விழுக்காடு ஒளியைத் திருப்பும் நடுத்தரச் சாம்பலாகவே கொள்வதால், படச்சட்டம் நிறைந்த வெள்ளை வேட்டியும் கருங்கல் சிலையும் அதன் கணக்கில் ஒரே சாம்பலாகிவிடும்.

டிஜிட்டல் கேமரா அந்தப் பழைய விதியைத் தலைகீழாக்கியது. அதன் சென்சாரில் ஒளி நிரம்பி வழிந்த புள்ளியில் விவரம் அறவே அழிந்துவிடும். நிழலையோ சற்று இரைச்சலோடு பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். எனவே காக்கவேண்டியது இப்போது வெளிச்சம். 1999-இல் வந்த நிக்கான் டி1 போன்ற கேமராக்கள் பின்திரையில் காட்டிய ஹிஸ்டோகிராம் இதற்கே உதவுகிறது: இடக்கோடியில் 0 என்ற முழுக் கருமை, வலக்கோடியில் 255 என்ற முழு வெண்மை, இடையில் ஒவ்வொரு அளவிலும் எத்தனை புள்ளிகள் உள்ளன என்பதைக் காட்டும் மேடு. பெரும்பாலான கேமராக்கள் இந்த மேட்டை ஜேபெக் படத்திலிருந்தே வரைவதால், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் இன்னும் சிறிது மிச்சமிருக்கக்கூடும்.

அம்பத்தூரை அடுத்த அயனம்பாக்கம் ஏரி போன்ற நீர்நிலையில், காலை வெயிலில் இருண்ட நீருக்கு நடுவே நிற்கும் வெண்கொக்கைப் படமெடுப்பவருக்கு இந்த மேடு ஒரு சோதனை. படச்சட்டத்தின் பெரும்பகுதி நீராதலால் மீட்டர் ஒளியைக் கூட்டுகிறது. கொக்கின் இறகு வரிகள் வெளுத்து மறைகின்றன. மேடோ இடப்பக்கமே திரண்டு நிற்க, வலச்சுவரை ஒட்டி மயிரிழை போன்ற ஒரு கோடு மட்டுமே எழும். மேட்டின் உயரம் புள்ளிகளின் எண்ணிக்கையைச் சொல்லுமேயன்றி அவற்றின் முக்கியத்துவத்தைச் சொல்வதில்லை. ஆகவே ஏரிக்கரையில் கேமரா பிடிப்போர் அந்த மெல்லிய கோட்டைத் தேடிப் பார்த்து, ஒரு ஸ்டாப், அதாவது ஒளியைப் பாதியாக்கும் ஒரு படி, குறைத்து, கொக்கு பறந்துவிடும் முன் மறுபடம் எடுத்துக்கொள்ள வேண்டும்.