மனிதர் நீங்கிய தீவு

ஸ்காட்லாந்தின் மேற்கே, வட யூயிஸ்ட் தீவுக்கும் அப்பால் 64 கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டிக் பெருங்கடலில் செயின்ட் கில்டா என்னும் சிறு தீவுக்கூட்டம் இருக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அவிந்துபோன ஓர் எரிமலையின் எச்சம் அது. அவற்றுள் பெரியதான ஹிர்ட்டா தீவில் கடலிலிருந்து 400 மீட்டருக்கு மேல் ஒரு பாறைச் சுவர் எழும்பி நிற்கிறது. பிரிட்டனில் இதைவிட உயர்ந்த கடலோரப் பாறை இல்லை.

மரங்களே இல்லாத, புயல் ஓயாத இத்தீவில் மனிதர்கள் எவ்வாறு வாழ்ந்தனர்? கடற்பறவைகளே அவர்களை வாழவைத்தன. ஆண்கள் கயிற்றைப் பற்றிப் பாறைகளில் இறங்கி, கானெட், ஃபுல்மார், பஃபின் ஆகிய பறவைகளைப் பிடித்தனர். இறைச்சி உணவாயிற்று, எண்ணெய் விளக்கெரித்தது, இறகுகள் நிலக்கிழாருக்கு வாடகையாயின. இறைச்சியைச் சேமிக்க, காற்று ஊடுருவும் வண்ணம் சாந்தின்றிக் கற்களை அடுக்கிக் குடில்கள் கட்டினர். இத்தகைய குடில்கள் ஹிர்ட்டாவில் 1,200-க்கும் மேல் உள்ளன.

1697-இல் மார்ட்டின் மார்ட்டின் என்பவர் இங்கு வந்தபோது சுமார் 180 பேர் வசித்தனர். வெளியிலிருந்து படகு வந்தால் தீவினர் அனைவருக்கும் சளி பிடிக்கிறது என்ற செய்தி அக்காலத்திலேயே பரவியது. பேரறிஞர் சாமுவேல் ஜான்சன் இதை நம்ப மறுத்தார். ஆனால் இன்று நாம் காரணத்தை அறிவோம். சளியை உண்டாக்கும் வைரஸ் நிலைத்திருக்க, புதிது புதிதாகத் தொற்றுவதற்கு ஆட்கள் வேண்டும். நூறு, நூற்றைம்பது பேர் உள்ள இடத்தில் அது விரைவில் அற்றுப்போகிறது. தீவினரின் எதிர்ப்புச் சக்தியும் நாளடைவில் குறைகிறது. பிறகு ஒரே ஒரு பயணி கொண்டுவரும் வைரஸ் ஊர் முழுவதையும் பற்றிக்கொள்கிறது.

சளியோடு தொல்லை நிற்கவில்லை. 1727-இல் பெரியம்மை வந்து தீவை ஏறத்தாழ வெறுமையாக்கியது. அப்போது பறவை வேட்டைக்காக ஸ்டாக் அன் ஆர்மின் என்ற தனிப்பாறையில் இறங்கியிருந்த மூன்று ஆண்களும் எட்டுச் சிறுவர்களும், அழைத்துச் செல்லப் படகோட்ட ஆளின்றி, அடுத்த ஆண்டு வரை அங்கேயே சிக்கிக் கிடந்தனர். அதனாலேயே நோய்க்குத் தப்பினர்!

பத்தொன்பதாம் நூற்றாண்டில், பிறந்த குழந்தைகள் ஒரு வாரத்திற்குள் வலிப்புக் கண்டு இறந்தன. இது இரண ஜன்னி. தொப்புள் கொடி அறுத்த புண் வழியே கிருமி புகுந்ததே காரணம். இக்கிருமியை 1889-இல் ஜப்பானிய விஞ்ஞானி கிடசாட்டோ தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். அதே ஆண்டில் தீவுக்கு வந்த பாதிரியார் ஆங்கஸ் ஃபிடிஸ், கிளாஸ்கோ சென்று கிருமிநீக்க முறையைக் கற்றுத் திரும்பி அதைக் கையாளச் செய்தார். சில ஆண்டுகளில் அந்நோய் ஒழிந்தது. ஆக, வெளியுலகம் நோயையும் கொண்டுவந்தது, மருந்தையும் கொண்டுவந்தது.

ஆயினும் மக்கள்தொகை தேய்ந்துகொண்டே வந்தது. 1852-இல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர்; பலர் வழியிலேயே மாண்டனர். 1877 முதல் கோடைக்காலத்தில் சுற்றுலாக் கப்பல்கள் வரலாயின. வெளியுலக வாழ்வைக் கண்ட இளைஞர்கள் வெளியேறத் தொடங்கினர். முடிவில், எஞ்சிய 36 பேரும் தங்களை அழைத்துச் செல்லுமாறு அரசுக்கு விண்ணப்பித்தனர். 1930 ஆகஸ்ட் 29 அன்று ஹேர்பெல் என்ற கப்பல் அவர்களை ஏற்றிச் சென்றது. மரத்தையே கண்டிராத அவர்களுள் சிலருக்கு வனத்துறையில் வேலை கிடைத்தது!

மனிதர் போனபின் நடந்ததும் விந்தையானதே. வீட்டுச் சுண்டெலிகள் சில ஆண்டுகளில் அடியோடு அழிந்தன. மனிதரை அண்டியே அவை வாழ்ந்திருந்தன. வயல் எலிகளோ இன்றும் உள்ளன. 1932-இல் அருகிலுள்ள சோயே தீவிலிருந்து 107 ஆடுகள் ஹிர்ட்டாவில் விடப்பட்டன. மேய்ப்பனும் இல்லை, ஓநாயும் இல்லை. இவ்வாடுகளை 1985 முதல் விஞ்ஞானிகள் தொடர்ந்து ஆராய்கின்றனர். அவற்றின் சராசரி உருவம் சிறுத்து வருவதாக 2009-இல் அறிவித்தனர். குளிர்காலம் கடுமை குறைந்ததால், முன்பு மடிந்திருக்கக்கூடிய சிறிய குட்டிகளும் பிழைக்கின்றன என்பது அவர்கள் கண்ட காரணம்.

இன்று செயின்ட் கில்டா உலகப் பாரம்பரியச் சின்னம். கோடையில் பயணிகள் படகில் வருகின்றனர். ஆனால் படகில் ஓர் எலிகூட ஒளிந்து வந்துவிடக் கூடாது என்பதில் காவலர்கள் கண்ணும் கருத்துமாக இருக்கின்றனர். எலி புகுந்தால் முட்டைகளும் குஞ்சுகளும் தப்பா. அன்று விருந்தினரின் சளிக்கு மனிதர்கள் அஞ்சினர். இன்று விருந்தினரின் எலிக்குப் பறவைகளைக் காக்க வேண்டியிருக்கிறது.